ஒரு சீட், இரண்டு முதுகு

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரிலிருந்து கோவையில் உள்ள அலுவலகத்துக்குத் தினமும் நானே கார் ஓட்டிப் போய் வருகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வரவும் அப்படியே. ஏழு வருடப் பழைய சின்ன கார், கியர் வண்டி. அவிநாசியைத் தாண்டுவதற்குள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே பிடித்துக்கொள்கிறது. வண்டியை விட்டு இறங்கி நடந்தால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். டாக்டரிடம் காட்டினேன். எலும்பில் பிரச்சினை இல்லை, உட்காரும் விதத்தைப் பாருங்கள் என்றார். ஆன்லைனில் வாங்கிக் கட்டிய வலைத் தாங்கி இரண்டு நாளில் நழுவி முதுகின் நடுவுக்கு ஏறிவிடுகிறது. பக்கத்துக் குஷன் கடையில், "சீட்டைப் பிரித்து உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து மேடு கட்டித் தருகிறேன்" என்கிறார். பெரிய கார்களில் இருப்பது போல் கூட்டிக் குறைக்கும் லம்பார் சப்போர்ட்டை, அதாவது கீழ் முதுகுத் தாங்கியை, என் வண்டியில் பொருத்த முடியுமா? என் உயரம் 5 அடி 1 அங்குலம். விடுமுறை நாட்களில் ஓட்டும் என் கணவர் 5 அடி 10.

அன்புள்ள சகோதரிக்கு,

பொருத்த முடியும். ஆனால் அந்த ஸ்பாஞ்ச் மேடு வேண்டாம். குஷன் கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சொல்லவில்லை. நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், ஆரம்ப காலத்தில் நானே அப்படித்தான் செய்து கொடுத்தேன்.

நெல் வியாபாரி ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். காலி சீட்டில் டேப்பை வைத்து அடியிலிருந்து 8 அங்குலம் அளந்து, கெட்டி ஸ்பாஞ்சை மேடாக வெட்டி ஒட்டி, மேலே கவரை இழுத்து மாட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஒரே வாரத்தில், வலி முன்னைவிட அதிகமாகிவிட்டது என்று திரும்பி வந்தார். அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் மண்டிபோட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவர் பாரத்துக்கு அடிக் குஷன் 2 அங்குலத்துக்கு மேல் அமுங்கியிருந்தது. ஆள் கீழே இறங்கிவிட்டார், மேடு இருந்த இடத்திலேயே இருந்தது. இடுப்பைத் தாங்க வேண்டிய மேடு கீழ் விலா எலும்பில் போய் முட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே பிரித்து எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஆள் உட்காராமல் நான் அளவே எடுப்பதில்லை.

உங்கள் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே சீட்டில் இரண்டு பேர் உட்காருகிறீர்கள், உயரத்தில் 9 அங்குலம் வித்தியாசம். உங்களுக்குச் சரியான இடத்தில் ஒட்டிய மேடு அவருக்கு இடுப்பெலும்பில் இடிக்கும். அதனால் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டது மிகச் சரி.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நிற்கும்போது கீழ் முதுகு உள்பக்கமாக வளைந்திருக்கும். அந்த இடத்தில் ஐந்து முள்ளெலும்புகள், நடுநடுவே மெத்தை மாதிரி டிஸ்க். உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து அந்த வளைவு தட்டையாகிவிடும். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, நிற்கும்போதைவிட அழுத்தம் அதிகமாக இருந்தது. அதே நாட்டில் பின்னால் நடந்த ஆய்வுகளில், சாய்மானத்தைக் கொஞ்சம் சரித்து, கீழ் முதுகுக்குத் தாங்கல் கொடுத்தால் அழுத்தம் குறைவதைக் கண்டார்கள். 1960-களின் நடுவிலேயே வோல்வோ கார்களில் லம்பார் சப்போர்ட் வந்ததும் அந்த நாட்டில்தான்.

கார் என்பதால் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 6 முறை வரையிலான ஆட்டத்தில்தான் அதிகமாகக் குலுங்கும். சாலையில் ஓடும் வண்டி சீட்டுக்கு அனுப்பும் அதிர்வில் அந்த ஆட்டமும் இருக்கிறது. வளைவு தட்டையான முதுகு ஒன்றேகால் மணி நேரம் இதை வாங்கினால், சுற்றியுள்ள தசைகள் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது உயரமும் கியர் வண்டி என்பதும்தான். 5 அடி 1 அங்குலம் உள்ளவருக்குப் பெரும்பாலான சீட்டுகளின் அடிக் குஷன் நீளம் அதிகம். பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் குஷனின் முன் விளிம்பு முழங்காலின் பின்பக்கம் இடிக்கும், கிளட்சும் முழுதாக எட்டாது. எனவே தெரியாமலேயே இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அப்போது இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விழும். நாளைக் காலை வண்டியில் ஏறி, ஒரு கிலோமீட்டர் ஓட்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டு இடுப்புக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தாராளமாக நுழைந்தால் நான் சொன்னதுதான்.

ஆகவே காசு செலவழிப்பதற்கு முன்னால் சீட்டைச் சரி செய்யுங்கள். உயரம் கூட்டும் லீவர் இருந்தால், சாலை நன்றாகத் தெரியும் அளவுக்கு ஏற்றுங்கள். இடுப்பைக் கடைசி வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். கிளட்சைத் தரைவரை மிதித்தாலும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்னால் இழுங்கள். சாய்மானம் நேர் குத்தாக வேண்டாம், கொஞ்சம் சரியட்டும், 100 முதல் 110 டிகிரி போதும். தோள் சாய்மானத்தில் பட்டபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் உங்கள் நெஞ்சுக்கும் 10 அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும். உயரம் குறைந்தவர்கள் இதில்தான் கவனமாக இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் எதை வைத்தாலும் அது உங்களை ஸ்டியரிங் பக்கம் தள்ளும். வைத்த பிறகு இந்த 10 அங்குலத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம் ஒரு வாரம் துண்டுப் பரீட்சை. லாரி டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் இது. வீட்டில் இருக்கும் பருத்தித் துண்டை நீளவாக்கில் மடித்துத் தட்டையாகச் சுருட்டி, இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம் போகட்டும். இரண்டு கட்டைவிரல்களும் முதுகெலும்பில் சந்திக்கும் இடத்துக்கு ஒரு விரல் மேலே துண்டின் நடுப்பகுதி வர வேண்டும். அமுங்கிய குஷனிலிருந்து பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இது 6 முதல் 9 அங்குலத்துக்குள் அமையும். உங்களுக்குக் கீழ்ப்பக்கம் வரும், உங்கள் கணவருக்கு மேல்பக்கம்.

கனத்தில் பேராசை வேண்டாம். முதல் இரண்டு நாள் ஒரு விரல் கனம், பிறகு தேவைப்பட்டால் இரண்டு விரல். "நன்றாகக் குத்துகிற மாதிரி இருந்தால்தான் வேலை செய்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சரியான தாங்கல் பத்து நிமிடத்தில் மறந்துபோக வேண்டும். இருப்பது தெரிந்துகொண்டே இருந்தால் கனம் அதிகம் அல்லது இடம் தப்பு. வீட்டில் பழைய பி.பி. கருவி கிடந்தால் இன்னும் நல்லது. அதன் கைப்பட்டையைத் துண்டுக்கு நடுவில் வைத்து, பல்பை அமுக்கிக் காற்றை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நீங்கள் கேட்கும் லம்பார் சப்போர்ட் எப்படி இருக்கும் என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

சரி, துண்டு வைத்த வாரத்தில் அவிநாசியில் வலி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி எதை வாங்குவது?

மூன்று வழி இருக்கிறது. வெளியே கட்டும் வலைத் தாங்கியை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அது நழுவுவதற்குக் காரணம் எலாஸ்டிக் ஒன்று மட்டும் இருப்பதுதான். சாய்மானத்துக்கும் அடிக் குஷனுக்கும் நடுவில் உள்ள சந்தில் ஒரு பட்டையை விட்டுக் கீழே கட்டினால் நிற்கும். ஆனாலும் வலை ஒரே வளைவில்தான் நிற்கும், இரண்டு பேருக்கும் பொருந்தாது.

அடுத்தது, பெரிய கார்களின் சீட்டில் இருக்கும் இயந்திர அமைப்பு. உள்ளே வளைகிற தகடு அல்லது கம்பிக் கூடை இருக்கும். பக்கத்து லீவரைத் திருப்பினால் கேபிள் இழுபட்டு அது முன்னால் வில்லாக வளையும். ரொம்ப வருடம் உழைக்கும். ஆனால் சீட்டின் சட்டத்தோடு சேர்த்துச் செய்தது, தனியாக எடுத்து உங்கள் சீட்டில் பொருத்த வராது. புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கழற்றிய சீட்டையே வாங்கி மாட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அது விபத்தில் அடிபட்ட வண்டியின் சீட்டா என்று வெளியிலிருந்து தெரியாது, போல்ட் இடமும் வயரிங்கும் ஒத்துவராது. நான் செய்து தருவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: காற்றுப் பை. அதிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பைகள் உள்ள செட்டாக வாங்குங்கள். கீழ்ப் பை உங்களுக்கு, மேல் பை கணவருக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி பல்பு, தனி வால்வு. மோட்டார் பம்ப்பும் சுவிட்சும் உள்ள செட்டும் கிடைக்கிறது. உங்கள் தேவைக்குக் கைப்பல்பே போதும். வயர் இழுக்க வேண்டாம், ஃபியூஸ் போகாது, கெட்டால் நீங்களே மாற்றலாம். மோட்டார்தான் வேண்டும் என்றால் தனி ஃபியூஸ் போட்டு லைன் எடுக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களில் எதையும் வெட்டி இணைக்கவே கூடாது.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். டிரைவர் சீட்டின் சாய்மானத்தில், கதவுப் பக்க விளிம்பில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்ன லேபிள் தைத்திருக்கிறதா? இருந்தால் அந்த சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது. அந்தப் பக்கத் தையல், மோதலில் கிழிந்து வழிவிடுவதற்கென்றே போட்ட தையல். குஷன் கடையில் பிரித்து வேறு நூலால் தைத்தாலோ, மேலே இறுக்கமான கவர் போட்டாலோ ஏர்பேக் வெளியே வர வழி இருக்காது. அப்படிப்பட்ட சீட்டை நான் பிரிப்பதில்லை, நீங்களும் பிரிக்க விடாதீர்கள். அந்த விளிம்பை மறைக்காத வெளித் தாங்கியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் வயதையும் அளவையும் பார்த்தால் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் வண்டியோடு கொடுத்த கையேட்டைப் புரட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அதை யாரும் தொடக் கூடாது. அது ஏர்பேக், பெல்ட் சம்பந்தப்பட்டது.

இனி வேலையைச் சொல்கிறேன். கடைக்காரரிடம் இதைப் படித்துக் காட்டினாலும் சரி. பல சின்ன கார்களில் சாய்மானத்தின் முன்பக்கக் கவரைக் கழற்றவே தேவையில்லை. பின்பக்கம் கீழே பிளாஸ்டிக் கொக்கிப் பட்டியோ ஜிப்போ இருக்கும். அதை விடுவித்துக் கவரை மேலே தூக்கினால், இரும்புச் சட்டமும் குறுக்கே கம்பி வலையும், அதற்கு முன்னால் அச்சில் வார்த்த ஃபோமும் தெரியும். பை உட்கார வேண்டிய இடம் ஃபோமுக்கும் கம்பிக்கும் நடுவில். ஃபோமுக்கு முன்னால், கவரை ஒட்டி வைத்தால் பை துருத்திக்கொண்டு முதுகில் விளிம்பு தெரியும். பின்னால் இருந்தால் முழு ஃபோமும் சேர்ந்து மெதுவாக முன்னால் வளையும்.

ஆனால் கம்பியின் மேல் நேராக வைத்தால், காற்றடிக்கும்போது பை கம்பிகளின் சந்து வழியே பின்பக்கம் உப்பிவிடும். முதுகுக்குப் பாதிதான் கிடைக்கும், கம்பி முனை உரசிப் பையும் ஓட்டையாகும். எனவே முதலில் கெட்டி கேன்வாஸ் துணியைச் சட்டத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, அதன் மேல் பையை வெல்க்ரோவால் ஒட்ட வேண்டும். பலகையோ தகரமோ வைக்கச் சொல்லாதீர்கள். யாராவது வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்னாலிருந்து வேறு வண்டி மோதும்போது சாய்மானம் கொஞ்சம் உள்வாங்கி உங்கள் உடம்பை ஏந்த வேண்டும். கழுத்தைக் காப்பாற்றுவது அதுவும் ஹெட்ரெஸ்ட்டும்தான். அந்த இடத்தில் ஒரு கடினமான பொருள் இருக்கவே கூடாது.

ஹெட்ரெஸ்ட் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இடுப்பு முன்னால் வந்தால் தலையும் ஹெட்ரெஸ்ட்டை விட்டு விலகும். பையை அளவாக நிரப்பியபின், பின் மண்டைக்கும் ஹெட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் நான்கு விரலுக்கு மேல் போகக் கூடாது. போனால் சாய்மானத்தை ஒரு பல் நிமிர்த்துங்கள்.

அளவு எடுக்கும்போது நீங்கள் இருவருமே கடைக்குப் போக வேண்டும். முதலில் நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, துண்டு வைத்துப் பழகிய இடத்தைக் காட்டுங்கள். கடைக்காரர் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போடட்டும். பிறகு கணவர் உட்காரட்டும், இன்னொரு கோடு. இரண்டு பைகளின் நடுவும் இந்தக் கோடுகளில் வர வேண்டும். காலி சீட்டில் டேப் வைத்தால் தடுத்துவிடுங்கள்.

பல்புகள் தொங்கக் கூடாது. தொங்கும் பல்பு என்றைக்காவது கழன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போகும். ஹேண்ட்பிரேக் பக்கம், அடிக் குஷனின் இடது ஓரத்தில் கிளிப் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். குழாய், சாய்மானம் மடங்கும் கீல் வழியாகவோ சீட் நகரும் தண்டவாளத்தின் பக்கமோ போகக் கூடாது, ஒரே நாளில் நசுங்கிவிடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தும்போது காற்றை இறக்கிவிடுங்கள். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து ஒட்டுகளைப் பிரிக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் பைகள் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பொருத்திவிட்டால் மட்டும் போதாது, அதை அடிக்கடி மாற்ற வேண்டும். டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. சுற்றியிருந்து ஊறித்தான் சத்து உள்ளே போகும், அழுத்தம் ஏறி இறங்குவது அதற்கு உதவும். ஒரே நிலையில் இருப்பது எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும் டிஸ்க்குக்கு ஆகாது. வண்டியில் ஏறும்போது பை காலியாக இருக்கட்டும். ஒட்டி உட்கார்ந்தபின் நாலைந்து அமுக்கு. அவிநாசி வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு நிமிடம் இறங்கி நடங்கள். திரும்ப ஏறியதும் ஒரு அமுக்கு கூட்டுங்கள் அல்லது கொஞ்சம் இறக்குங்கள், எதுவானாலும் சரி. ஓடும் வண்டியில் பல்பைத் தேடாதீர்கள். அலுவலகத்தில் இறங்கிய உடனே டிக்கியிலிருந்து கனமான எதையும் குனிந்து தூக்க வேண்டாம், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எடுங்கள். உங்கள் கணவர் பர்ஸைப் பின் பாக்கெட்டில் வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், ஓட்டும்போது அதை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்திருக்கும் இடுப்புக்கு எந்தத் தாங்கலும் உதவாது.

டாக்டர் பார்த்து எலும்பில் பிரச்சினை இல்லை என்று சொன்னதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வலி தொடையைத் தாண்டிக் கால்வரை இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பாதத்தில் பலம் குறைந்தாலோ துண்டையும் பையையும் விட்டுவிட்டு மறுபடி டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை என்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை, தள்ளிப்போடவே கூடாது.

கடைசியாக, காசு கொடுப்பதற்கு முன்னால் அந்த சீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பையையும் நிரப்பிவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் கடைசிவரை நகர்த்துங்கள், சாய்மானத்தை முழுதாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். எங்கும் குழாய் இழுபடக் கூடாது. சாயங்காலம் வீட்டு நிழலில் நிறுத்தியபின் பைகளை நிரப்பியே விட்டுவிடுங்கள். காலையில் இறங்கியிருந்தால் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். புதிதில் கசிவது பெரும்பாலும் குழாய் சேரும் இடம்தான், ஒரு கிளிப் போட்டால் நின்றுவிடும்.